ஆறிப்போன பாதி வடை

"எனக்கு எப்ப சொல்லப்போறீங்க, சாமி?"

குத்தாலிங்கம் ரசவாளியைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டான்.

இலைச்சாமி குனிந்து எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதைவே?"

"நான் எதுக்கு வந்தேனோ, அதை."

"சாப்பாட்டுக்குத்தான் வந்தீருன்னுல்லா நெனச்சேன்."

கை கழுவிக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். குத்தாலிங்கம் சிரிக்கவில்லை.

மலையடிவாரத்து மடம் அது. மேலே கோயில். ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் மதியச் சாப்பாடு உண்டு.

எச்சில் இலையை மடத்தின் தலைவர்தான் எடுப்பார். வேறு யாரும் தொடக்கூடாது. அவருக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பரிமாறுகிறவன் இலையைப் பார்க்கலாம், முகத்தைப் பார்க்கக்கூடாது. வெள்ளைச் சட்டைக்குள் பசியை ஒளித்துக்கொண்டு வருகிறவன் இருப்பான். ஒரு பந்தியில் எழுந்து அடுத்த பந்தியில் உட்காருகிறவன் இருப்பான். யாரும் கூச்சப்படக்கூடாது. பந்தியில் பேச்சும் கிடையாது. போதும் என்றால் கையால் மறித்துக்கொள்ள வேண்டும்.

குத்தாலிங்கம் பஸ் கண்டக்டராக இருந்தவன். முகங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவன். அதனால் இந்த வழக்கம் அவனுக்கு முதலில் ரொம்பப் பிடித்திருந்தது.

இப்போது இலைகளும் சலித்துவிட்டன.

"சரி, உமக்கு என்ன குறை? அதைச் சொல்லும்."

"குறையே இல்ல சாமி. அதுதான் குறை."

இலைச்சாமி இப்போது நிமிர்ந்தார். அவனைவிட வயதில் சின்னவர். தாடிகூடச் சரியாக நரைக்கவில்லை.

"காலைல எந்திரிச்சா டெப்போ. பையி, விசிலு. தென்காசியிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து தென்காசி. ஏறு, எறங்கு, ரைட். வண்டி ஓடிக்கிட்டே இருக்கு, நான் நின்னுக்கிட்டே இருக்கேன். ஒருநா ராஜபாளையத்துல ஒருத்தரு, 'வண்டி எங்க போவுது'ன்னு கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல சாமி. எறங்கிப்போய் போர்டைப் பாத்துச் சொன்னேன்."

"போர்டு இருந்துச்சுல்லா. அப்புறம் என்ன?"

"வெளையாடாதீங்க சாமி. நெஞ்சுக்குள்ள எலி பிறாண்டுத மாதிரி இருக்கு. இதுக்கெல்லாம் உள்ள வேற ஒண்ணு இருக்கணும். இல்லேன்னா எதுக்கு இத்தனை?"

"வீட்ல?"

"உலகம்மா, என் சம்சாரம். நல்லவதான். ஆனா அவளுக்கு இதெல்லாம் தெரியாது. ரேஷன்ல பருப்பு போட்டானா, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டுதா, அவ்வளவுதான். கல்யாண வீட்டுக்குப் போவா. இலையில வச்ச வடைய ரெண்டாப் பிய்ப்பா. பாதிய ஓரமா ஒதுக்கிவச்சு, எந்திரிக்கும்போது முந்தானையில முடிஞ்சிட்டு வந்திருவா. டூட்டி முடிஞ்சு போய் நான் அதைத் திங்கணும். ஆறிப்போய், தோலு மாதிரி இருக்கும். கல்யாணமான நாள்லருந்து இதே கதை. இதுதான் வாழ்க்கையா சாமி? ஆறிப்போன பாதி வடை?"

"உளுந்து வடையா?"

"சாமி!"

"கேட்டுவச்சேன். வரும்போது அவட்ட என்ன சொல்லிட்டு வந்தீரு?"

"தேடாதேன்னேன். நீ தேடி வந்து ஒரு வார்த்தை கூப்பிட்டேன்னு வையி, ஒரேயடியா வடக்கே போயிருவேன், அப்புறம் என் மூஞ்சியிலேயே முழிக்க முடியாதுன்னேன்."

"அதுக்கு அவ?"

"'சாப்ட்டுட்டுப் போங்க'ன்னா."

"சாப்ட்டீரா?"

"இல்ல. கெளம்பிட்டேன்."

இலைச்சாமி அடுத்த இலையை எடுக்கக் குனிந்துவிட்டார்.

அவருடைய முதுகைப் பார்த்துத்தான் குத்தாலிங்கம் மிச்சத்தைச் சொன்னான்.

"கோயில்ல திருவிழா வருது. அது முடியிற வரைக்கும் இருப்பேன். அதுக்குள்ள நீங்க ஒண்ணும் சொல்லலேன்னா வடக்கே போறேன். அங்க சொல்லுதவங்க இருக்காங்க. டிக்கெட் எடுத்தாச்சு."

"ரிட்டனும் சேத்தா?"

"போறதுக்கு மட்டும்தான்."

---

திருவிழா வந்தது. மடத்தில் தினமும் வடை, பாயசம். கூட்டம் வாசல் தாண்டி நின்றது. குத்தாலிங்கம் வாளியோடு வரிசை வரிசையாக நடந்தான். இலை, ரசம், இலை, ரசம். நின்றுகொண்டே இருந்த மாதிரிதான் இருந்தது.

ஒரு நாள் பந்தி முடிந்ததும் இலைச்சாமி ஓர் எச்சில் இலையைத் தாம்பாளம்போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். அவன் முன்னால் வைத்தார்.

"பாரும்."

குத்தாலிங்கம் மூக்கைச் சுளித்தான். "எச்சி இலை சாமி."

"அது எனக்கும் தெரியும். என்ன இருக்கு?"

"சோறு மிச்சமில்ல. வடையில பாதி கெடக்கு. புடிக்கல போல."

"புடிக்காதவங்க பாதி தின்பாங்களா?"

"அப்ப வயிறு நெறஞ்சிருக்கும்."

இலைச்சாமி அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முதலில் எரிச்சலாக வந்தது அவனுக்கு. உபதேசம் கேட்டால் எச்சிலைக் காட்டுகிறார். பிறகு திடீரென்று உடம்பு சிலிர்த்தது. இதுதான் உபதேசமோ?

கிணற்றடியில் உட்கார்ந்து யோசித்தான். துணி துவைக்கும்போது யோசித்தான். சாயங்காலம் மலையைப் பார்த்துக்கொண்டு யோசித்தான்.

மறுநாள் பந்திக்கு முன்னாலேயே ஓடி வந்தான்.

"புரிஞ்சிட்டு சாமி! வடைங்கிறது பிரபஞ்சம். நடுவுல இருக்க ஓட்டை சூனியம். இலையில கெடந்த பாதி, கண்ணுக்குத் தெரியிற இகம். காணாமப்போன பாதி, பரம். சரியா?"

இலைச்சாமிக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஏ அப்பா! ஒரு உளுந்து வடைக்குள்ள இம்புட்டையும் திணிச்சா எண்ணெயில வெடிச்சிரும்வே."

"அப்ப அது என்னது?"

"வடை."

அன்று பந்தி முடிந்ததும் இன்னொரு இலையைக் கொண்டுவந்து வைத்தார். மேல் ஓரத்தில், அதே இடத்தில், பாதி வடை. ஒரு பருக்கைகூட ஒட்டாமல், ரசம் படாமல், சுத்தமாக இருந்தது.

குத்தாலிங்கம் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"உப்பு கூடிப்போச்சோ என்னவோ. சமையக்காரருட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்லுதேன்" என்றார் இலைச்சாமி. அன்று அவர் சிரிக்கவில்லை.

---

திருவிழாவின் கடைசி நாள். கொடி இறக்கிவிட்டார்கள். மதியத்தோடு கூட்டம் கலைந்துவிடும்.

குத்தாலிங்கம் துணிப்பையை வேப்பமரத்தடியில் தயாராக வைத்திருந்தான். பைக்குள் டிக்கெட்.

"கடைசிப் பந்தி சாமி. முடிஞ்சதும் கெளம்புதேன்."

"சரி."

"ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"ரசத்தை நல்லாக் கலக்கி ஊத்தும். பருப்பு அடியில நின்னுரும்."

வாளியை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு நடந்தான். மூன்று மாதம்! அடியில் நிற்கிற பருப்பைத் தவிர இந்த மனுஷனிடம் வேறொன்றும் இல்லை. கோபத்தில் ஓங்கி ஓங்கி ஊற்றினான். ஓர் இலையில் சோறே மிதந்தது. அந்தக் கை அவசரமாக இலை விளிம்பைத் தூக்கிப் பிடித்தது. இனி நாளைக்கு இந்த இலைகள் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

வரிசையின் நடுவில் ஓர் இலைக்கு வந்து குனிந்தான்.

வடையை ஒரு கை இரண்டாகப் பிய்த்தது.

ஒரு பாதியை இலையின் மேல் ஓரத்தில் வைத்தது. கரண்டி சாய்வதைப் பார்த்ததும், வாய்க்காலுக்கு வரப்புக் கட்டுகிற மாதிரி அந்தப் பாதியைச் சுற்றி விரல்களை வளைத்துக்கொண்டது.

கொதிக்கக் கொதிக்க ரசம் சோற்றில் விழுந்து ஓடிவந்தது. விரல்களில் முட்டியது.

கை நகரவில்லை.

குத்தாலிங்கத்தின் கரண்டி அப்படியே நின்றது.

அவன் எந்தக் கல்யாண வீட்டுக்கும் அவளோடு போனதில்லை. எப்போதும் டூட்டி. அவனிடம் வந்துசேர்ந்தது வடை மட்டும்தான். இந்தக் கையை அவனுக்குத் தெரியும். இந்தக் கை இந்த வேலையைச் செய்து அவன் பார்த்ததில்லை.

இதே கைக்கு முன்னால் திருவிழா முழுக்க ரசம் ஊற்றியிருக்கிறான்.

பக்கத்து இலைக்காரர் காத்திருந்தார். ரசம் வரவில்லை. தொண்டையைச் செருமினார்.

குத்தாலிங்கம் முகத்தைப் பார்க்கவில்லை. வாளியைக் கீழே வைத்தான். அப்படியே தரையில், இலைக்கு இந்தப் பக்கம், சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

வரிசை முழுக்கச் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

வளைந்திருந்த விரல்கள் மெதுவாக விலகின.

அவன் அந்தப் பாதி வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

இலைச்சாமி எங்கிருந்தோ வந்து வாளியைத் தூக்கினார். ஒரு கலக்குக் கலக்கினார். பக்கத்து இலையில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ரைட், ரைட்" என்று நகர்ந்து போனார்.

"ஆறிப்போயிருக்குமே" என்றாள் உலகம்மா.

அவன் வாய் நிறைய வடை இருந்தது.