கூடை தட்டின மண்

"சனங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சும்மா!" என்றார் தாண்டவராயன் வாத்தியார், படியேறி வந்த மூச்சு அடங்குவதற்கு முன்னாலேயே.

குன்றின் மேல் குடிசை போட்டுத் தனியாக இருக்கும் உண்ணாமுலை அம்மாளுக்கு வாத்தியாரைவிடப் பத்து வயசு குறைச்சல். ஆனாலும் வாத்தியாருக்கு அவர்தான் குரு. மனசு குழம்பினால் நேரே இங்கே வந்துவிடுவார்.

"என்னவாம்?"

"நாளைக் காலையில ஊர்க்கூட்டம். கூடைதட்டி மேட்டுக்காரங்க வயலுக்குப் போற வாய்க்காலை அடைக்கப்போறாங்களாம். நெல்லு பால் பிடிக்கிற நேரம்மா! அறுபது குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும்."

"ஏன் அடைக்கிறாங்க?"

"ஏரி ராஜா வெட்டினதாம். ராஜா ஊர்க்காரங்க வம்சமாம். மேட்டுக்காரங்க எங்கிருந்தோ பிழைக்க வந்தவங்க, அவங்களுக்கு ஏரியில என்ன பாத்தியதைன்னு கேக்கிறான் வீரபாகு."

"யாரந்த வீரபாகு?"

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் மாணவன்தான். சரித்திரத்துல நூத்துக்கு நூறு வாங்கினவன். 'ராஜா ஏரி வெட்டினார், சாலையோரம் மரம் நட்டார்'னு ஒரு எழுத்துப் பிசகாம ஒப்பிப்பான்."

"அப்ப, ராஜா வெட்டலையா?"

"வெட்டினார்னுதான் பாடத்துல இருக்கு. முப்பது வருஷம் நானும் அதைத்தானே சொல்லிக்கொடுத்தேன்! இப்பக் கூட்டத்துல போய் என்னத்தைச் சொல்ல? நீங்கதான் ஒரு வழி காட்டணும்."

அம்மாள் உள்ளே போய் மண்வெட்டியையும் கூடையையும் எடுத்து வந்து அவர் முன்னால் போட்டார்.

"தென்னங்கன்று வைக்கணும். இடுப்பளவு குழி வெட்டுங்க. மண்ணை வேலியோரம் கொட்டிடுங்க."

ஊரே பற்றி எரியுது, இவங்களுக்குத் தென்னங்கன்றா! வாத்தியாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் குரு பேச்சை மீற முடியுமா? வேட்டியை மடித்துக் கட்டினார்.

சாக்பீஸ் பிடித்த கை. அரை மணியில் கொப்புளம் கண்டுவிட்டது. களிமண் வேறு கூடையில் அப்பிக்கொண்டு கனத்தது. அதனால் ஒவ்வொரு நடை கொட்டித் திரும்பும்போதும் வேப்பமரத்தடியில் கூடையைக் கவிழ்த்து நாலு தட்டுத் தட்டிவிட்டுத்தான் அடுத்த நடை.

முடிக்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. பால் கொண்டுவந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"அடேங்கப்பா! குழி வெட்டியாச்சாம்மா?"

"ஆமா, வெட்டிட்டேன்," என்றார் அம்மாள், கொஞ்சமும் கூசாமல்.

அவள் மெச்சிக்கொண்டே போய்விட்டாள். வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை.

"நல்லா இருக்கே நியாயம்! வெட்டினது நானில்லையா?"

"நீங்களா? நீங்க இன்னிக்கு வந்தவர்தானே. என்ன சாட்சி?"

"இதோ பாருங்க, கையெல்லாம் கொப்புளம்!"

"நாலு நாள்ல ஆறிடும்."

"அப்ப அது? வேப்பமரத்தடியில குவிஞ்சு கிடக்கே, அது ஆரு மண்ணு? நடைக்கு நடை நான் கூடையைத் தட்டினேனே, கூடையை..."



குவியல் ஒரு சாண் உயரம்தான் இருந்தது. வாத்தியார் அதைப் பார்த்தார். அப்புறம் கீழே பார்த்தார். ஏரிக்கரையை ஒட்டி, அறுபது வீடுகளையும் சுமந்துகொண்டு கூடைதட்டி மேடு தெரிந்தது.

"அம்மா..." மேட்டைக் கையால் காட்டினார். "ஏரி வெட்டினப்ப இவங்க பாட்டன் பூட்டன் எத்தனை பேர், எத்தனை கூடை தட்டியிருப்பாங்க!"

அம்மாள் தென்னங்கன்றைக் குழியில் இறக்கி மண் தள்ளினார்.

"கூட்டத்துல என்ன சொல்லப்போறீங்க, வாத்தியாரே?"

வாத்தியார் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்க்கவில்லை. காலிக் கூடையை எடுத்து இடுக்கிக்கொண்டு படியிறங்கினார்.

"முதல்ல வீரபாகுவுக்குப் போட்ட மார்க்கைக் குறைக்கணும்மா."