சாயம் பூசிய டயர்

விருதுநகரில் பழைய டயர் விற்ற சௌந்தரபாண்டியன், வெடிப்புகளைக் கறுப்புச் சாயத்தால் மறைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தே காரை அனுப்பிவைப்பார். ஒருநாள், கைக்குழந்தையுடன் இராமேசுவரம் புறப்பட்ட ஒருவர், மாட்டிய டயரைத் தடவிப் பார்த்துத் தயங்கினார்.

"எலே இருளப்பா, புது டயர் மாதிரி ஓடும்னு சார்கிட்டச் சொல்லுலே!" என்று சௌந்தரபாண்டியன் தம் வேலையாளை அதட்டினார்.

"ஓடும் முதலாளி. காலையில உங்க மக காருக்கும் இதே டயர்ல ரெண்டு மாட்டித்தான் அனுப்பினேன்."

முதலாளி கைப்பேசியை எடுத்து அலறினார்: "தாயி, வண்டியை நிறுத்து! உடனே இறங்கிரு!"

வந்தவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரைவிட்டு விலகினார்.

"நான் மாட்டலை முதலாளி," என்றான் இருளப்பன். "போன வருசம் என் தம்பி, நம்ம கடை டயர் வெடிச்சுத்தான் செத்தான். அவனையும் இப்படி ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாமே."