வலது மூலை

"நாளையிலேருந்து நான் வரல கோச்," என்றார் முத்தழகன்.

கடற்கரை மணலில் ஃபிரிஸ்பீ பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கோடு கிழித்த கடைசிக் கட்டத்துக்குள் தட்டைப் பிடித்தால்தான் புள்ளி. வெளியே எத்தனை முறை பிடித்தாலும் அது கணக்கில் வராது.

கோச் நஸ்ரின் அவரைவிட வயதில் சின்னவள். "ஏன்ணா?" என்றாள்.

"ஓடி ஓடி நாக்கு தள்ளுது. கட்டத்துக்குள்ள போய்க் கையத் தூக்கிட்டு நிக்கிறேன். ஒருத்தரும் எனக்குப் போடல."

வீட்டுக்குப் போனதும் மனைவி, "இன்னிக்காவது பிடிச்சீங்களா?" என்று கேட்பாள். அவள் விளையாட்டாகத்தான் கேட்பாள். இவருக்குத்தான் சுருக்கென்று தைக்கும்.

"எங்க நிப்பீங்க?" என்றாள் நஸ்ரின்.

வலது மூலையைக் காட்டினார்.

நஸ்ரின் போய் அங்கேயே நின்றுகொண்டாள். கையைத் தூக்கினாள். அவள் தட்டைப் பிடிக்காதபடி காவல் காக்க எதிரணிப் பையன் ஒருவனும் வந்து ஒட்டிக்கொண்டான்.

"இப்ப ஓடி வாங்க. ஸ்டீபன் உங்களுக்குத்தான் போடுவான்."

முத்தழகன் உயிரைக் கொடுத்து ஓடினார். எறிய நின்ற ஸ்டீபன் தட்டை ஓங்கினான், மூலையைப் பார்த்தான், இறக்கிவிட்டான்.

மறுபடி ஓடினார். மறுபடியும் அதே கதைதான்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கோச், நீங்களும் அந்தப் பையனும் வழிய அடைச்சிட்டு நின்னா அவன் எங்க போடுவான்? கொஞ்சம் வெளிய போங்க."

நஸ்ரின் அசையவில்லை. தூக்கிய கையையும் இறக்கவில்லை.

"எனக்கு யாருமே போடலயேண்ணா," என்றாள்.

முத்தழகன் அவள் தூக்கிய கையைப் பார்த்தார். மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

அவர் முறை வந்தது; அவருக்குப் பின்னால் அதே அணி ரீத்தாவும் ஓடத் தயாரானாள். மூலைக்கு ஓடினார். தட்டு வரவில்லை. நிற்காமல் அப்படியே கோட்டைத் தாண்டி வெளியே ஓடினார். அவரைக் காவல் காத்தவனும் பின்னாலேயே ஓடினான்.

பின்னால் ஏதோ கூச்சல் கேட்டது. திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் மனைவி வழக்கம்போல, "இன்னிக்காவது பிடிச்சீங்களா?" என்றாள்.

"ரீத்தா பிடிச்சா," என்றார் முத்தழகன். முகமெல்லாம் சிரிப்பு. "என் மூலையில."