இரண்டாவது பழம்

"அண்ணன் கமலா ஆரஞ்சுப் பழத்தைத்தான் கங்கையில விட்டாக. ஜூஸை விடலையாம்."

படகின் பின்பக்கம் இருந்த தெய்வானை ஆச்சி பக்கத்திலிருந்தவளிடம் மெல்லத்தான் சொன்னாள். மூடுபனியில் அது மிதந்துவந்து நாச்சியப்பனின் காதில் விழுந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பொய்யில்லை. காசிக்கு வருகிறவர்கள் பிடித்த காய் ஒன்றையும் பழம் ஒன்றையும் இனித் தின்பதில்லை என்று விட்டுவிட்டுப் போவது வழக்கம். மூன்று வருடத்துக்கு முன், சர்க்கரை நோய் வந்த புதிதில், அவரும் இங்கே வந்து இரண்டை விட்டுப் போனார். காயில் பாகற்காய், அதை அவர் முன்பும் தொட்டதில்லை. பழத்தில் கமலா ஆரஞ்சு. ஊர் திரும்பியதும் தினமும் காலையில் ஒரு பெரிய தம்ளர் சாறு. பழம் வேறு, சாறு வேறு என்று வீட்டில் வாதாடினார். போன ஆவணியில் வலது காலின் சுண்டுவிரலை எடுத்தார்கள். இப்படியே போனால் அடுத்தது பாதம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கரை தெரியவில்லை. துடுப்பின் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. எதிரே அவருடைய குரு பூங்கோதை அம்மையார் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். நாச்சியப்பனைவிட இருபது வயது இளையவர்.

"இந்தத் தடவை எல்லாப் பழத்தையும் விட்டுர்றேன், அம்மா. கால் மிஞ்சினாப் போதும்."

போன தடவை எதை விட்டீர்கள் என்று அம்மையார் கேட்டார். நாச்சியப்பன் சாறு உட்பட எல்லாவற்றையும் சொன்னார்.

"பிடிக்காததை விட்டீங்க. பிடிச்சதைக் குடிச்சீங்க. முதல்ல ரெண்டையும் திரும்ப எடுத்துக்குங்க."

எப்படி எடுப்பதென்று தெரியாமல் அவர் குனிந்து இரு கைகளாலும் ஆற்று நீரை அள்ளினார். விரலிடுக்கில் நீர் வழிந்து போயிற்று. குளிர் மட்டும் கையில் நின்றது.

"பாகற்காய் மத்தியானம் சத்திரத்துல இலைக்கு வரும்," என்றார் அம்மையார். பிறகு, ஒரு தம்ளர் சாற்றுக்கு எத்தனை பழம் என்று கேட்டார்.

"அஞ்சு."

"குடிக்க எவ்வளவு நேரம்?"

"ஒரே மடக்கு."

அம்மையார் பையிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்துக் கொடுத்தார். நாச்சியப்பன் தோலை உரித்தார். வாசனை பனிக்குள் பரவியது. சுளை சுளையாக, நாரோடு மென்று தின்றார். கடைசிச் சுளையின்போது பனி விலகி, படித்துறையின் படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன.

நாச்சியப்பனின் கை தானாக அம்மையாரின் பைக்குள் போய் இன்னொரு பழத்தை எடுத்தது.

"கையில இருக்கே, அதை விடுங்க," என்றார் அம்மையார்.

"இன்னைக்கு மட்டுமா, அம்மா?"

"நாளைக்கும் ரெண்டாவது ஒண்ணு இருக்கும். அதை விடுறதுக்குக் காசிக்கு வர வேண்டாம்."

நாச்சியப்பன் பழத்தை உள்ளங்கையில் ஒருமுறை உருட்டினார். பிறகு பின்பக்கம் திரும்பி, அதைத் தெய்வானை ஆச்சியிடம் நீட்டினார்.