கொம்பு உதிர்ந்த மான்

மூங்கிலும் மருதமும் அடர்ந்த ஒரு காட்டில் துள்ளன் என்றொரு இளம் புள்ளிமான் வாழ்ந்தது. கொம்பு முளைத்த நாள் முதல் அதற்குப் பெருமை தாங்கவில்லை. குளத்தில் தன் தலையைப் பார்த்துப் பார்த்துத்தான் தண்ணீர் குடிக்கும்.

ஒரு நாள் காலை மரத்தில் தலையைத் தேய்த்தபோது ஒரு கொம்பு கழன்று விழுந்தது. மாலைக்குள் மற்றதும் விழுந்தது. ஆண் மான்களுக்குக் கொம்பு உதிர்வதும் மறுபடி முளைப்பதும் வழக்கம்தான், குழந்தைகளே. பாவம், துள்ளனுக்கு அதை யாரும் சொல்லவில்லை. தீராத நோய் வந்துவிட்டது என்று எண்ணி ஒரு முட்புதருக்குள் போய் ஒளிந்துகொண்டது.

இரண்டு நாள் மேயவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. "துள்ளா, எங்கே போனாய் கண்ணு?" என்று அம்மா மான் கூப்பிட்டுக்கொண்டே போனபோதும் வாய் திறக்கவில்லை. கூட்டத்தை விட்டுத் தனித்திருக்கும் மானைத்தான் செந்நாய்கள் தேடி வரும். அது தெரிந்தும் நகரவில்லை.

மூன்றாம் நாள் புதரின் மறுபக்கம் சருகு சரசரத்தது.

"யார் அங்கே?" என்று நடுங்கியது துள்ளன்.

"யாரும் இல்லை."

"யாரும் இல்லாமல் குரல் எப்படி வரும்?"

"நான் ஒரு கோழி. பேசாமல் இரு."

துள்ளன் எட்டிப் பார்த்தது. "கோழிக்கு ஏது நீலக் கழுத்து? நீங்கள் மயிலண்ணன் அல்லவா? தோகை எங்கே?"

காட்டிலேயே கர்வம் பிடித்த மயில் தலை குனிந்துகொண்டது. "உதிர்ந்துவிட்டது. வருடா வருடம் உதிரும். வருடா வருடம் ஒளிந்துகொள்வேன். நீ ஏன் இங்கே கிடக்கிறாய்?"

துள்ளன் தயங்கியது. பிறகு, "என் கொம்பு போய்விட்டது. இனி நான் எதற்கும் ஆகமாட்டேனோ என்று பயமாக இருக்கிறது," என்றது. சொன்னதும் அழுகை வந்தது. அழுததும் மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

"அட, கொம்பும் தோகை மாதிரிதான். முளைத்துவிடும்."

"முளைக்கும் என்று தெரிந்துமா நீங்கள் ஒளிந்திருக்கிறீர்கள்?"

"யாராவது பார்த்தால் சிரிப்பார்களே."

"நான் பார்த்துவிட்டேன். சிரிக்கவில்லையே."

மயில் தலையை நிமிர்த்தியது. "நானும் உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சரி, தாகமாக இருக்கிறது. வா, போகலாம்."

இரண்டும் குளத்துக்கு நடந்தன. மரத்தில் இருந்த குறும்புக்காரக் குரங்கு, "மொட்டைத் தலையும் மொட்டை வாலும் ஊர்வலம் கிளம்பிவிட்டதா?" என்று கேலி செய்தது.

"ஆமாம் அண்ணே, உதிர்ந்துவிட்டது. இரண்டு நாள் பயந்து கிடந்தேன். இப்போது தாகம்," என்றது துள்ளன்.

குரங்கு முதுகைச் சொறிந்துகொண்டது.

குளக்கரையில் நின்ற அம்மா ஓடி வந்து துள்ளனின் நெற்றியை நக்கிக் கொடுத்தது. "முன்பே நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கொம்பே கிடையாது, அதனால் சொல்லத் தோன்றவே இல்லை. முதலில் தண்ணீரைக் குடி."

துள்ளன் வயிறு முட்டக் குடித்தது. அப்போது நாணல் மறைவிலிருந்து, அதன் வயதே உள்ள இன்னொரு மான் மெல்லத் தலையை நீட்டியது. அந்தத் தலையிலும் கொம்பு இல்லை.

"துள்ளா, அங்கே எனக்கும் இடம் இருக்குமா?"

துள்ளன் நகர்ந்து நின்றது.

நீதி: மனக்கவலையை மறைத்து வைக்காதே, வாய்விட்டுச் சொன்னால் பாரமும் குறையும், துணையும் கிடைக்கும்.