பந்தலுக்குள்ள நின்ன வெயில் வண்டி

ஒரு ஊர்ல ஒரு வண்டி இருந்துச்சாம். மாட்டு வண்டி இல்ல, காரும் இல்ல. நாலு சக்கரம், முதுகு மேல ஆறு கண்ணாடிப் பலகை. அந்தப் பலகையில வெயில் பட்டா கரண்டு வரும், வயித்துல இருக்கிற பேட்டரியில சேர்ந்துக்கும். டீசல் வேணாம், கரண்டு கம்பம் வேணாம். வெயில் ஒண்ணுதான் வேணும். இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோ. ஏன்னா இந்தக் கதையில வர்ற பெரிய மனுசங்க ஒருத்தரும் வச்சுக்கல. "ம்" சொல்லு. ஆங், அப்படி. காலை ஆட்டாம கேளு.

அந்த ஊரு பேரு கோரைத்துறை. கடலோரம், சுத்தி உப்பளம். அங்க தைலம்மைன்னு ஒருத்தி, உப்பு வாருற வேலை. அவளுக்கு அஞ்சு வயசுல ஒரு பொண்ணு, செல்லக்கிளி. உன்னாட்டமே வாயாடி. ஆனா பாவம், அப்பப்போ இளைப்பு வந்துடும். நெஞ்சுக்குள்ள "விஸ்ஸ்... விஸ்ஸ்"னு சத்தம் கேக்கும். அப்போ அந்த ஊரு ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒரு சின்ன மிஷினை கரண்டுல சொருகி, மூக்குல மாட்டிப் புகை வைப்பாங்க. மருந்து உள்ள போகும், மூச்சு நிதானத்துக்கு வந்துடும்.

அப்புறம் ஒரு நாள் வந்துச்சு பாரு புயலு! "ஹோ..."ன்னு ஒரே ஊளை. கரண்டு கம்பம் தடார் தடார்னு சாய்ஞ்சுது. பாலம் மடார்னு உடைஞ்சுது. சனமெல்லாம் பள்ளிக்கூடத்துல போய் அடைஞ்சுது. தைலம்மை வேற ஒண்ணும் எடுக்கல, பொண்ணைத்தான் தூக்கிட்டு ஓடினா. ம்?

நாலாம் நாள் வானம் வெளுத்து, சுள்ளுனு வெயில் அடிச்சுது. அப்போ ரெண்டு படகைச் சேர்த்துக் கட்டி, அது மேல, ஊருக்குக் கரண்டு குடுக்கன்னு அரசாங்கம் அனுப்பின அந்த வெயில் வண்டி வந்து இறங்குச்சு. கூடவே அறவாழின்னு ஒரு அதிகாரி. கையில ஃபைலு. அவரு தலைக்குக் குடை இல்ல, ஃபைலுக்குத்தான் குடை.

தைலம்மை போய் நின்னா. "சார், பொண்ணுக்கு இளைப்பு லேசா ஆரம்பிச்சிருக்கு. கரண்டு குடுங்க சார்."

"மந்திரி வந்து திறந்து வைக்கணும்மா. அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது"ன்னாரு. சொல்லிட்டு என்ன பண்ணினாரு தெரியுமா? புது சாமான், வெயில்ல வெளுத்துடும்னு தார்ப்பாயைப் போட்டு இறுக்கி மூடிட்டாரு. நான் பொய் சொல்லல! வெயில் வண்டிக்கு வெயில் ஆகாதாம்.

அப்புறம் அஞ்சாம் நாளு. செல்லக்கிளிக்கு இழுப்பு கூடிடுச்சு. தைலம்மை மறுபடியும் ஓடினா. அங்க தார்ப்பாயை எடுத்திருந்தாங்க. அப்பாடான்னு கிட்ட போனா, அடப்பாவமே, பூஜை நடக்குது! புது வண்டியாச்சே. பூசணிக்காயைப் பொட்டுனு உடைச்சு, பலகை ஒவ்வொண்ணுலயும் தோசை அகலத்துக்கு சந்தனம் அப்பி, குங்குமம் வச்சு, அது மேல சாமந்தி மாலையைச் சாத்தியிருக்காங்க.

"சார், இப்பவாவது போடுங்க."

"பூஜை இப்போதாம்மா முடிஞ்சுது. அவசரப்பட்டா நல்லாவா இருக்கும்? நாளைக்குப் பத்தரைக்கு மந்திரி வர்றாரு."

என்ன, தூங்கிட்டியா? முழிச்சிருந்தா "ம்" சொல்லு. ம்... சரி.

ஆறாம் நாள் காலையில செல்லக்கிளிக்குப் பேச்சே வரல. வாயாடிப் புள்ள பேசலன்னா பெத்தவளுக்கு எப்படி இருக்கும்? உதடு நீலம் பாய ஆரம்பிச்சுது. நர்ஸம்மா தொட்டுப் பாத்துட்டுப் பதறினாங்க. "தைலம்மா, மருந்து இருக்கு, மிஷின் இருக்கு, கரண்டுதான் இல்ல. இனிமே தாங்காது. படகுல ஏத்தி அக்கரைக்காவது கொண்டு போ."

துறைக்கு ஓடினா. ஒரு படகு கூட இல்ல! ஒண்ணு மந்திரியைக் கூட்டியாரப் போயிருக்கு. ஒண்ணு நாற்காலி ஏத்தப் போயிருக்கு. இன்னொண்ணு, கேளு கூத்தை, மந்திரிக்குப் போடுற பொன்னாடையை வாங்கப் போயிருக்கு.

பொண்ணைத் தோள்ல போட்டுக்கிட்டு பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்தா, மிஷினைத் தூக்கிக்கிட்டு நர்ஸம்மாவும் பின்னாலயே வந்தாங்க. அங்க மந்திரிக்கு வெயில் படக்கூடாதுன்னு பெரிய பந்தல் போட்டு, வண்டியை அதுக்குள்ள தள்ளி நிறுத்தியிருக்காங்க. பலகை மேல மாலை. மாலை மேல "ஒளி தர வந்த வள்ளலே"ன்னு ஒரு ஃபிளெக்ஸு. அதுக்கு மேல பந்தல். ஒரு பொட்டு வெயில் உள்ள வரல.

மந்திரி வந்தாரு, ரிப்பனை வெட்டினாரு, சுவிட்சை அழுத்தினாரு. "டொக்."

ஒண்ணும் எரியல. மறுபடி "டொக்." ம்ஹூம். அறவாழி ஃபைலைப் பாத்தாரு. அடுத்து கைதட்டல்னு அதுல எழுதியிருந்துச்சு. "எல்லாரும் கைதட்டுங்க!"ன்னு கத்தினாரு. சனமும் படபடன்னு தட்டுச்சு. ஃபோட்டோவும் எடுத்தாச்சு.

மந்திரி மெதுவா, "ஏன்யா எரியல?"ன்னாரு.

"மேகமூட்டம் ஐயா."

வெளியில வெயில் மண்டையைப் பொளக்குது!

தைலம்மைக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ அந்த ஆவேசம். "எது சார் மேகம்? உப்பளத்துல பாத்தி ஓரமா வேலி நிழல் விழுந்தாலே அந்த ஓரத்துல உப்பு விளையாது. இதுக்கு மேல மூணு மூடி போட்டு வச்சிருக்கீங்களே!" பொண்ணை நர்ஸம்மா கையில குடுத்தா. உப்பளத்துப் பொம்பளைங்களைப் பாத்து, "ஏ, வாங்கடி! தள்ளுங்கடி!"ன்னா.

பத்து பேரு முந்தானையை வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்தாங்க. "ஐலசா! ஐலசா!" கடகடன்னு வண்டி வெயிலுக்கு வந்துச்சு. ஃபிளெக்ஸை சர்ர்னு கிழிச்சா. மாலையை உருவினா. குடத்துத் தண்ணியைச் சளார்னு ஊத்தி, சந்தனத்தை முந்தானையால தேய் தேய்னு தேய்ச்சா. அறவாழி "அரசாங்கப் பொருள்! அரசாங்கப் பொருள்!"னு சுத்திச் சுத்தி வந்தாரு.

மந்திரியும் வேடிக்கை பாக்கக் கிட்ட வந்தாரு. அவரு தலைக்கு மேல பிடிச்சிருந்த குடையோட நிழல் பலகையில விழுந்துச்சு. "சார், தள்ளுங்க, நிழலடிக்குது"ன்னா தைலம்மை. மந்திரி ரெண்டடி தள்ளி நின்னாரு. இத்தனை நாள்ல பெரிய மனுசங்க பண்ணின ஒரே உபகாரம் அதுதான்.

கொஞ்ச நேரத்துல வண்டிக்குள்ள "ங்ங்ங்"னு ஒரு சத்தம். பச்சை விளக்கு எரிஞ்சுது. நர்ஸம்மா மிஷினைச் சொருகினாங்க. "கிர்ர்ர்..." புகை வந்துச்சு! செல்லக்கிளி மூக்குல மாட்டினாங்க. அறவாழி அப்பவும் கத்திக்கிட்டே இருந்தாரு.

"சார், கத்தாதீங்க. புள்ள மூச்சு எனக்குக் கேக்கணும்"னா தைலம்மை.

மைதானமே கப்சிப்புனு ஆயிடுச்சு. விஸ்ஸ்... விஸ்ஸ்... அப்புறம் விஸ்... அப்புறம் அதுவும் இல்ல. செல்லக்கிளி மெல்லக் கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்குது"ன்னா. ஆறு நாளா அழாத தைலம்மை அப்போதான் ஓன்னு அழுதா. நர்ஸம்மாவும் அழுதாங்க.

அன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள தண்ணி மோட்டாரு ஓடுச்சு. ஊரே ஃபோனுக்குச் சார்ஜ் போட வரிசையில நின்னுச்சு. அறவாழியும் செத்துப்போன ஃபோனைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. முப்பத்தி ஏழாவது ஆளா நின்னாரு.

ஆனா அவரு விடுவாரா? மறுநாள் ஒரு காகிதம் வந்துச்சு. "அரசு வாகனத்தை அனுமதியின்றி இடம் மாற்றியது ஏன்? எழுத்து மூலம் விளக்கம் தருக." தைலம்மை நர்ஸம்மாகிட்ட பேனா வாங்கி, ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்தா.

"வெயில் அங்கதான் சார் இருந்துச்சு."

ம்? "ம்" சொல்லேன்... சத்தத்தைக் காணோமே. மூச்சு மட்டும் சீரா வருது. அது போதும் கண்ணு. கதை வண்டி கரை சேந்துச்சு, நீயும் உறங்கு.