ஊமைக்குருவி வாய் திறந்த கதை

அந்தக் காலத்தில் கரிசல் மண் என்று ஒன்று கிடையாது. ஆறு இருந்தது, காடு இருந்தது, ஆற்றோரம் முழுக்கச் செம்மணல் இருந்தது. மிருகமும் பறவையும் நம்மைப் போலவே பேசும். நம்மைப் போலவே, பேச வேண்டிய நேரம் பார்த்து வாயை மூடிக்கொள்ளவும் செய்யும். அதனால் வந்த வினைதான் இந்தக் கதை.

அந்த ஆற்றங்கரையில் ஊமைக்குருவி என்று ஒருத்தி இருந்தாள். நிஜ ஊமை இல்லை, கூச்சக்காரி. யாராவது முகத்தைச் சுளித்தால் மூன்று நாளைக்குச் சாப்பாடு இறங்காது அவளுக்கு. நாம் இன்று ஆள்காட்டி என்று சொல்கிறோமே, ஆளைக் கண்டால் ஓயாமல் கத்துமே, அந்தக் குருவிதான். நம்பச் சிரமமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அவளுக்குப் பக்கத்து வீடு பேரடியாள். பேரடியாள் மாப்பல்லி இனம், இன்று பூமியில் இல்லாத ராட்சதப் பல்லி. எழுந்து நின்றால் பனை உயரத்தில் இருக்கிற கொழுந்தைத் தின்பாள். ஆற்றுமணலில் குழி தோண்டிப் பன்னிரண்டு முட்டை இட்டு, மண்ணைப் போட்டு மூடி வைத்திருந்தாள். அவள் கனத்துக்கு அடைகாக்க முடியுமா? சூரியன் பொரித்துக் கொடுக்கும், இவள் காவல் இருப்பாள். ராத்திரியெல்லாம் கண் விழித்துக் காத்துவிட்டு, உச்சிப்பொழுதில்தான் கொஞ்சம் கண்ணயர்வாள். அவளுடைய வால் நிழலில் ஊமைக்குருவி புல்லும் பஞ்சும் வைத்து மெத்தை போட்டு, நாலு முட்டை இட்டிருந்தாள். பேரடியாள் வால் கிடக்கும் இடத்துக்குப் பாம்பு வராது. அந்த நன்றி குருவிக்கு நிறைய உண்டு.

ஒருநாள் குருவிக்கு நிலை கொள்ளவில்லை. ஒரு காலை ஊன்றினால் மறுகாலைத் தூக்கிக்கொண்டாள். அதை ஊன்றினால் இதைத் தூக்கினாள்.

"என்ன, ஆட்டம் பழகுறியா?" என்றான் அவள் புருஷன்.

"மண்ணு சுடுதுங்க."

அவளால் சும்மா இருக்க முடியவில்லை. ஓடிப்போய்ப் பேரடியாள் காதருகே நின்று, பிறந்ததிலிருந்து கத்தாத கத்தலைக் கத்தினாள்.

"அக்கா! எந்திரிங்கக்கா! மண்ணு சுடுது!"

பேரடியாள் ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். "வெயில்ல மண்ணு சுடாம குளிருமா?"

"வெயில் சூடு மேலாப்புல இருக்கும்க்கா. இது அடியில இருந்து வருது."

"உன் கால் ஈர்க்குச்சி. அதுக்குப் பனி பட்டாலும் சுடும். போடி, போய்ப் படு."

கரையே சிரித்தது. ஆமை கூடச் சிரித்தது. பேரடியாள் பாதம் பாறை மாதிரி. அதற்கு எந்தச் சூடும் எட்டாது. குருவி வெட்கப்பட்டுக் கூட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, கிளறாமலே மண்புழுக்கள் வெளியே வந்து நெளிந்தன. ஆற்றில் மீன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. மணலில் ஓர் இடத்தில் 'புஸ்'ஸென்று ஆவி கிளம்பியது. குருவி தன்னை மறந்து அலறினாள். பேரடியாள் தூக்கக் கலக்கத்தில் துள்ளி எழுந்தாள். எழுந்த வேகத்தில் பின்னங்கால் குழிக்குள் போனது. 'மளுக்'கென்று சத்தம்.

அவ்வளவுதான். ஆவி தானாக அடங்கிவிட்டது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. மணலில் மஞ்சள் கரு ஒழுகி ஊறிக்கொண்டிருந்தது.

"பன்னெண்டு இருந்துச்சு," என்றாள் பேரடியாள். குருவிக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"அக்கா…"

"உன் வாயால ஒண்ணு போச்சு. மிச்சமாவது எனக்கு இருக்கட்டும். இனி நான் தூங்கும்போது நீ மூச்சு விடக் கூடாது. சத்தியம் பண்ணு."

"என் நாலு முட்டை மேல சத்தியம்க்கா. இனி வாயே திறக்க மாட்டேன்."

சத்தியம் பண்ணுகிறவர்கள் எதன்மேல் பண்ணுகிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பண்ணலாம். இவள் யோசிக்கவில்லை.

அதற்குப்பின் நாலு நாள் பேரடியாள் பகலிலும் தூங்கவில்லை. உடைந்த முட்டையின் ஓட்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். ஐந்தாம் நாள் உச்சிப்பொழுதில் அசதி தாங்காமல் தலையைச் சாய்த்தாள். அப்போதுதான் மணல் மூச்சு விடுகிற வயிறு போல ஒருமுறை ஏறி இறங்கியது.

அடியில் கிடக்கும் சூடு வெடித்து வெளியே வரப்போகிறது என்று குருவிக்குப் புரிந்துவிட்டது. பேரடியாள் முகத்தருகே ஓடினாள். அலகைத் திறந்தாள், மூடினாள். கொத்தி எழுப்பலாமா என்று பார்த்தாள். அக்கா மறுபடி காலை எங்கே வைப்பாளோ என்று பயந்தாள். சத்தியத்தை நினைத்தாள். தன் நாலு முட்டையையும் நினைத்தாள். முன்னே இரண்டடி வைத்தாள், பின்னே இரண்டடி வைத்தாள்.

"உனக்கு எதுக்கு வம்பு?" என்றான் புருஷன். "பட்டது போதாதா? அவங்களே முழிச்சுக்குவாங்க. வா, நம்ம முட்டையப் பார்ப்போம்."

இருவரும் அலகால் தள்ளித் தள்ளி முட்டைகளை மேட்டுப் பாறைக்கு உருட்டினார்கள். ஒன்றைச் சேர்த்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் குருவி அக்காவைப் பார்த்தாள். அடுத்ததை வைத்துவிட்டு வந்து எழுப்பலாம் என்று நினைத்தாள். இரண்டாவதுக்கும் அப்படித்தான் நினைத்தாள், மூன்றாவதுக்கும் அப்படித்தான். நாலாவது முட்டை மேட்டில் ஏறியபோது பூமி பிளந்தது.

ஒரு குழியாகப் பிளக்கவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரே கோடாகப் பிளந்தது. உள்ளேயிருந்து நெருப்பு வெல்லப்பாகு பதத்தில் பொங்கி வழிந்தது. பேரடியாள் விழித்தபோது அவளைச் சுற்றி வழி இல்லை. அவள் ஓடப் பார்க்கவும் இல்லை. முட்டைக்குழிக்கு மேல் நாலு காலையும் அகட்டி நின்றுகொண்டு, நெருப்புக்கு அந்தப் பக்கம் மேட்டில் நின்ற குருவியைப் பார்த்தாள்.

"ஏன்டி கூப்பிடலை?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. சந்தைக்குப் போகும்போது ஏன் என்னை விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்பது மாதிரி கேட்டாள்.

நீங்கள்தானே கூப்பிடாதே என்றீர்கள் என்று சொல்லக் குருவி அலகைத் திறந்தாள். அதற்குள் புகை வந்து இரண்டு பேருக்கும் நடுவில் மூடிவிட்டது.

நெருப்பு ஒருநாள் இருநாளில் அடங்கவில்லை. எத்தனை வருஷம் என்று எண்ண அங்கே யாரும் இல்லை. புகை மேலே ஏறிச் சூரியனை மறைத்தது. உச்சிப்பொழுது அந்திப்பொழுதாகக் கிடந்தது. குளிர் வந்தது. பெய்த மழை புளித்தது. பட்ட இலையெல்லாம் கருகியது. இலை தின்கிறவர்கள் முதலில் விழுந்தார்கள், அவர்களைத் தின்கிறவர்கள் பின்னால் விழுந்தார்கள். சூரியனை நம்பி மண்ணில் முட்டை புதைத்த மாப்பல்லிகள் யாருக்கும் ஒரு குஞ்சு பொரியவில்லை.

குருவியின் நாலு முட்டைகளும் வெறும் பாறையில் கிடந்தன. கூடு கட்டப் புல் ஏது? ஆனால் அந்த மேட்டுக்கு அடியில் நெருப்பு ஓடியதால், மேலே எல்லாம் விறைத்துப்போன பிறகும் கல்லுக்குள் வெதுவெதுப்பு இருந்தது. அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், கல்லைத் தொட்டுப் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்தாள். சாம்பல் ஒட்டி அவள் தலையும் மார்பும் கறுத்தன. அழுது அழுது கண்ணோரம் சிவந்து தடித்தது. அந்தச் சிவப்பு இன்னும் போகவில்லை.

நாலும் பொரிந்தன. ஈரம் காயும் முன்னே குஞ்சுகள் ஓடத் தொடங்கின. உட்கார்ந்திருக்க நேரமில்லை என்று முட்டைக்குள்ளேயே தெரிந்துகொண்டனவோ என்னவோ!

பிறகு புகை கலைந்தது. நெருப்புப் பாறை வெயிலிலும் மழையிலும் நொறுங்கி, பொடிந்து, கறுப்பு மண்ணாகியது. அதில் பச்சை முளைத்தது. அவள் வழி வந்த குஞ்சு ஒன்று புல்லைக் கவ்விக்கொண்டு வந்து தன் அம்மாவிடம் கேட்டது.

"அம்மா, மெத்தை போடலாமா?"

"வேண்டாம். மெத்தையில கிடந்தா மண்ணு சுடுறது தெரியாது."

"சத்தம் போட்டா எல்லாரும் திட்டுறாங்களேம்மா?"

"திட்டட்டும்டா. திட்டுறதுக்கு அவங்க இருக்காங்கல்ல?"

இன்றைக்கும் கரிசல் காட்டில் இரண்டடி எடுத்து வைத்துப் பாருங்கள். எங்கிருந்தோ எழும்பி உங்கள் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்துவாள். ஆடு மேய்க்கிறவர் "சனியனே, சும்மா இருக்க மாட்டியா!" என்று கல்லை வீசுவார். ஒருமுறை சும்மா இருந்து பார்த்தவள் அவள். மறுபடி இருக்க மாட்டாள். அன்று முதல்தான் ஆள்காட்டிக் குருவி வெறும் தரையில் முட்டையிடுகிறாள், ஓர் இடத்தில் நிற்காமல் தவிக்கிறாள், ஒரு காலடி கேட்டாலும் காட்டையே எழுப்பிவிடுகிறாள். அன்று முதல் அவளைப் பார்த்து 'ஏன் கூப்பிடவில்லை' என்று யாரும் கேட்டதில்லை.